பப்பாளி மாவுப்பூச்சியும் ஒரு மில்லிமீட்டர் குளவியும்

2008-இல் கோயம்புத்தூர் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, கொஞ்ச நாளில் மரவள்ளி, மல்பெரி, கொய்யா என்று எதையும் விடவில்லை. மருந்து அடித்தும் அடங்காததற்குக் காரணம் உண்டு. உடம்பெல்லாம் மெழுகுப்பூச்சு, மருந்து ஒட்டாது. முட்டைகள் பஞ்சுப்பைக்குள் பத்திரம். செத்ததென்னவோ அதைத் தின்ன வந்த பொறிவண்டுகள்தான்!

2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தது அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும். நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, மனிதரைக் கொட்டாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைப் பெருக்கி உழவர்களுக்குக் கொடுத்தது. வளர்ப்புக்கு வேண்டியது உருளைக்கிழங்கு. ஈர மணலில் ஒன்று, ஒன்றரை அங்குலம் முளைவிட்டதும் மாவுப்பூச்சியின் முட்டைப்பைகளை அதன்மேல் வைப்பார்கள். ஏறத்தாழ ஒரு மாதத்தில் கிழங்கு வெள்ளையாகிவிடும். பிறகு கிழங்கு இருக்கும் கூண்டுக்குள் குளவியை விட வேண்டும். அதற்குத் தீனி தேன் துளி. மாவுப்பூச்சியின் இரண்டாம் பருவக் குஞ்சுகளில்தான் விரும்பி முட்டையிடும். முற்றிய பூச்சிகள் மட்டுமே இருந்தால் பெருக்கம் குறையும்.

வயலில் விட்டபின் பலர் சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, பொறுமையில்லாமல் மருந்தடிப்பது. இன்னொன்று, பூச்சி பிடித்த இலைகளை உடனே கிள்ளி எரிப்பது. உப்பிக் காய்ந்த பூச்சிக்கூடுகளுக்குள்தான் அடுத்த தலைமுறைக் குளவி இருக்கிறது, ஐயா! எறும்புப் புற்றையும் கவனியுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரான தேன்கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நின்று குளவியை விரட்டும். வரப்பில் பார்த்தீனியம் இருந்தால் அதையும் பிடுங்குங்கள், பூச்சி அதிலும் தங்கும்.