கைநாட்டு வேண்டாம் என்ற தாய்

ஓர் அரசு மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். மூளைச்சாவு அடைந்தவர்களின் குடும்பத்தாரிடம் பேசுவதே என் வேலை. எதிரில் அமர்பவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது 'விதி' என்றுதான். ஆனால் அதே வாயால், ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்பியிருக்கலாமே, ஹெல்மெட்டை டேங்க் மேல் வைக்காமல் தலையில் மாட்டியிருக்கலாமே என்று, மனிதன் எடுத்த, எடுக்காத முடிவுகளையெல்லாம் எண்ணி எண்ணி அழுவார்கள். நான் குறுக்கிடுவதில்லை. எது விதி, எது நம் செயல் என்று பிரித்துக்காட்டும் தகுதி எனக்கில்லை; அந்த அறையில் அதற்கு நேரமும் இல்லை.

1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பின்னரே மூளைச்சாவு உறுதியாகும். அச்சோதனைகளுள் ஒன்றில் வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, ஆக்சிஜன் மட்டும் செல்லும்படி வைத்து, மார்பு தானாக எழுகிறதா என்று சில நிமிடங்கள் பார்த்திருப்பார்கள். அதன்பின் எஞ்சுவது, உறுப்புகளைத் தானம் செய்வதா வேண்டாமா என்ற ஒரே முடிவு. அதைக் குடும்பம்தான் எடுக்க வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், சம்மதம் வாங்குவதே என் திறமை என்று நினைத்திருந்தேன். இப்போது, மறுப்பவர்களிடமும் அதே குரலில் பேசிவிட்டு எழுந்துவர முடிவதையே பெரிதாகக் கருதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், புதுக்கோட்டைப் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன். திருமணமாகாத ஒரே மகன். "உடம்பு சுடுதேம்மா, நெஞ்சு ஏறி இறங்குதே" என்று கேட்டார். இயந்திரம் ஊதுவதால்தான் ஏறி இறங்குகிறது என்று மூன்று முறை விளக்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்தபடி இருந்தவர், "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். பழக்கதோஷத்தில் நான் மைப்பெட்டியை நகர்த்தினேன். அவர் அதைத் திருப்பி என் பக்கமே தள்ளிவிட்டு, "கைநாட்டு வேணாம், எனக்கு எழுதத் தெரியும்" என்றார். நான் கூனிக்குறுகிப் போனேன். ஒவ்வோர் எழுத்தாக, பேனாவை அழுத்திப் பிடித்து, கோட்டுக்கு மேலே சற்றே ஏறியபடி தம் பெயரை எழுதினார்.

அதன்பின் எல்லாம் ஓட்டம்தான். இதயம் வெளியே சுமார் 4 மணி நேரமே தாங்கும்; சிறுநீரகத்திற்கு அதைவிடப் பல மணி நேரம் கூடுதல் அவகாசம் உண்டு. ஒரு சிறுநீரகத்திற்காக முதலில் அழைக்கப்பட்டவருக்கு அன்று காய்ச்சல் இருந்ததால், அது பட்டியலில் அடுத்திருந்தவருக்குச் சென்றதாகப் பிறகு அறிந்தேன். அந்த அடுத்தவர் தம் வீட்டில் இதை என்னவென்று சொல்லியிருப்பார் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

"யாருக்குப் போகுதுன்னு சொல்ல மாட்டீங்களா?" என்று அந்தத் தாய் கேட்டார். விதிமுறை இடம் கொடுக்காது என்றேன். ஆணா பெண்ணா என்றாவது கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. பேச்சை மாற்றுவதற்காக, எழுத எங்கே கற்றீர்கள் என்றேன். 1991இல் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கம் ஊருக்கு வந்தபோது, பக்கத்து ஊர்ப் பெண்ணொருத்தி இரவில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாளாம்.

"அந்தப் புள்ள பேருகூட மறந்துபோச்சு" என்றபடி பேனாவை மூடி என்னிடம் நீட்டினார்.