குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொன்ன பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும்?

ஊருக்குப் போனால் யாராவது ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு இதைக் கேட்டுவிடுகிறார்கள். "பக்கத்து வீட்டுல அந்த மனுஷன் பிள்ளையப் போட்டு அடிக்கிறான். 1098க்கு சொன்னா பிள்ளைய தூக்கிட்டுப் போயிருவாங்களாமே, நெசமா?" தென்மாவட்டம் ஒன்றில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் புறத்தொடர்புப் பணியாளராக இருந்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். இந்த ஒரு பயத்தாலேயே வரவேண்டிய எத்தனையோ அழைப்புகள் வராமல் போகின்றன. அதனால் என் பதிலை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதற்காக யாரும் கிளம்பி வருவதில்லை. குழந்தைகள் காப்பகத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வைத்திருக்கிறது. போகிறவர் மனதில் முதலில் இருக்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் குழந்தை இன்றைக்கு ராத்திரி இந்த வீட்டில் படுக்கலாமா? படுக்கக் கூடாது என்றால் மட்டும் உடனே வெளியே கொண்டுவருகிறோம். அப்போதும் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள், பிள்ளை எங்கே இருப்பது என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தியாக வேண்டும். குழு அன்றைக்குக் கூடவில்லை என்றால் ஓர் உறுப்பினர் முன்னாலாவது நிறுத்த வேண்டும்.

உயிருக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்தால் நான் நேராக வீட்டுக்குப் போகமாட்டேன். முதலில் பள்ளிக்கூடம். வாசலில் ஜீப் வந்து நின்றால் தெருவே கூடிவிடும், அன்றைக்கு ராத்திரி அந்தப் பிள்ளைக்கு இன்னும் நாலு அடி சேர்ந்து விழும். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு முடிந்த நேரமாகப் பார்த்து, பிள்ளைக்குப் பிடித்த டீச்சரைக் கூட வைத்துக்கொண்டு உட்காருவேன். நோட்டும் பேனாவும் பைக்குள்ளேயே இருக்கும்.

"அப்பா அடிச்சாரா?" என்று கேட்கவே கூடாது. அப்படிக் கேட்டால், நமக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும். "நேத்து ஸ்கூல் விட்டதிலிருந்து தூங்குற வரைக்கும் என்னென்ன செஞ்சே, சொல்லு" என்று கேட்டால் போதும். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், சட்டமும் அதைத்தான் சொல்கிறது) டியூஷன், முறுக்கு, டிவி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, "அப்புறம் அப்பா சார்ஜர் வயர எடுத்தாங்க" என்றான். சொல்லிவிட்டு மறுபடி டிவியில் பார்த்ததைச் சொல்லப் போய்விட்டான். நான் இடையில் எதுவும் கேட்கவில்லை.

சைக்கிளிலிருந்து விழுந்தான் என்றார் அம்மா. விழுகிற பிள்ளைக்கு முழங்கால், முழங்கை, நெற்றி என்று எலும்பு துருத்தும் இடங்களில்தான் பெரும்பாலும் அடிபடும். இவனுக்குத் தொடையின் பின்பக்கமும் முதுகும். வயரை இரண்டாக மடித்து அடித்தால் தோலில் கொண்டை ஊசி மாதிரி வளைந்த தடம் விழும். அது இருந்தது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வது என் வேலை இல்லை. கண்ணில் பட்டதை எழுதுவதும், அரசு மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்கவைப்பதும்தான் என் வேலை.

அப்புறம்தான் வீடு. அப்பாவிடம் தனியாக, அம்மாவிடம் தனியாக, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடமும் தனியாகப் பேச வேண்டும். பையன் எங்கே படுக்கிறான், அடுப்படியில் என்ன இருக்கிறது, கடன் எவ்வளவு, அம்மாவுக்கும் அடி விழுகிறதா? இதெல்லாம் 22-ஆம் படிவமான சமூக விசாரணை அறிக்கைக்குள் வரவேண்டும். "தந்தை குடிப்பழக்கம் உள்ளவர்" என்று ஒரே வரியில் முடித்த அறிக்கைகளைப் படித்தால் எனக்குக் கோபம்தான் வரும். குடிக்கிற எல்லோரும் வயரை எடுப்பதில்லை. இவர் எப்போது எடுக்கிறார், அப்போது குறுக்கே வந்து தடுக்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எழுதினால்தானே குழு ஒரு முடிவுக்கு வரமுடியும்?

அந்த அறிக்கைக்குச் சட்டம் தருவது 15 நாள். குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். மாஜிஸ்ட்ரேட்டுக்கு இருக்கும் அதிகாரம் இந்தக் குழுவுக்கும் உண்டு. பெற்றோரிடமே திருப்பி அனுப்பிக் கண்காணிக்கலாம், பொறுப்பான உறவினரிடம் விடலாம், பணக்கஷ்டம்தான் பிரச்சினை என்றால் மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவுக்குப் பரிந்துரைக்கலாம். அந்தப் பையன் கொஞ்ச காலம் அம்மாச்சி வீட்டில் இருந்தான். அப்பா ஆலோசனைக்கு வந்துபோனார். பிறகு கண்காணிப்போடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பா மேல் வழக்கே வராது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பொறுப்பில் இருக்கும் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே உண்டு.

பாலியல் கொடுமை என்றால் கதையே வேறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் கட்டாயம் தகவல் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் இருப்பதே குற்றம். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை பெண் எஸ்.ஐ., சீருடை இல்லாமல் வந்து பதிய வேண்டும். செய்தவர் அப்பாவே என்றால், குழந்தை நம்பும் வேறொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிப்பதற்கு இதில் இடமே கிடையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் சொன்ன பிள்ளை, குழு முன்னால் வந்து "யாரும் அடிக்கல" என்று சொல்லும். உடனே "பொய்ப் புகார்" என்பார்கள். நடுவில் எத்தனை அத்தை, சித்தப்பா வந்து "அப்பாவ ஜெயில்ல போட்டுருவாங்க" என்று அழுதார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. பிள்ளைக்கு அடிதான் வேண்டாம், அப்பா வேண்டும். மாற்றிச் சொன்னதாலேயே முதலில் சொன்னது பொய் ஆகிவிடாது. முதலில் சொன்னதைப் பிள்ளையின் சொந்த வார்த்தையிலேயே எழுதிவைப்பது இதற்காகத்தான்.

எனக்கு இன்னும் ஆறாத குறை, வீட்டுக்கு அனுப்பிய பிறகு நடக்கவேண்டிய கண்காணிப்புதான். ஒப்பந்த ஊழியர்கள் சிலரை வைத்துக்கொண்டு மாவட்டம் முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கும். புதிய அழைப்பு வந்தால் பழைய வீட்டுக்குப் போவது தள்ளிப்போகும். பக்கத்து வீட்டுக்காரர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது அப்போதுதான் மிகவும் தேவை. ஒரு தடவை சொன்னோமே என்று இருந்துவிடாமல், மறுபடி சத்தம் கேட்டால் மறுபடி சொல்லுங்கள்.

1098க்கு அழைக்கும்போது உங்கள் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னாலும் அந்த வீட்டுக்குத் தெரியப்படுத்தமாட்டார்கள். பிள்ளையின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம், ஏறக்குறைய என்ன வயது, எந்த நேரத்தில் சத்தம் கேட்கிறது, நீங்களே பார்த்தது எது, மற்றவர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்துச் சொன்னால் போதும். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அடி விழுந்துகொண்டிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், அல்லது நேராக அவசர உதவி எண் 112க்கு அழையுங்கள்.