தரங்கம்பாடியின் கடைசி டேனிஷ்காரர்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1926இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையை 1980களில் மூடிவிட்டார்கள். மூடியது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது, தனியார் பேருந்தின் பின்படிக்கட்டை ஒட்டி, யாரோ ஒருவருடைய மீன் கூடைக்கும் வேறு யாரோ ஒருவருடைய முழங்கைக்கும் நடுவே நின்றுகொண்டு செல்பவர்களுக்கு மட்டுமே விளங்கும். நடத்துநர் பொறையாரிலேயே எங்களை இறக்கிவிட்டு, வண்டி அதற்கு மேல் போகாது என்றார். தரங்கம்பாடிக்கு என்று சொல்லித்தான் பயணச்சீட்டு கொடுத்திருந்தார். அங்கே காத்திருந்த ஆட்டோக்காரர், மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு 300 ரூபாய் கேட்டார். பேசிப் பேசி 150க்கு இறங்கினார். அதுவும் அதிகம்தான். ஆனால் வெயில் அவர் பக்கம் இருந்தது.

எப்படிச் செல்வது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இங்குள்ள டேனிஷ் கோட்டையில் இருந்துவிட்டுப் போன மனிதர்களின் கதைகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தரங்கம்பாடி என்றதும் பெரும்பாலோருக்குச் சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியாரின் பெயர் நினைவுக்கு வரும். அவரைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் இந்த ஊரில் வாழ்ந்தவர்களிலேயே விசித்திரமானவர் என்று நான் கருதுவது எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்ற டேனிஷ் சாமானியரைத்தான்.

அவரிடம் போவதற்கு முன், டென்மார்க் இங்கே வந்து சேர்ந்த கதையையே கேளுங்கள், அதுவே ஒரு கூத்து. போஷோவர் என்ற டச்சுக்காரர் கோபன்ஹேகனுக்கு வந்து, தான் இலங்கையின் பேரரசர் அனுப்பிய தூதர் என்றும், போர்த்துக்கீசியரை விரட்ட உதவினால் வணிக உரிமை முழுவதும் டென்மார்க்குக்கே என்றும் நான்காம் கிறிஸ்தியான் மன்னரிடம் சொன்னார். மன்னர் நம்பினார். 1616இல் தொடங்கப்பட்டிருந்த டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள், 24 வயதுகூட நிறையாத ஓவே கெட்டே என்ற பிரபுவின் தலைமையில் 1618இன் இறுதியில் புறப்பட்டன. இலங்கையை எட்ட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின; வழியிலேயே ஆட்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள்; போஷோவரும் இறந்துபோனார். கண்டி மன்னர் செனரத்தோ அதற்கு முன்பே போர்த்துக்கீசியருடன் சமாதானம் செய்துகொண்டிருந்ததால், அப்படி ஓர் ஒப்பந்தத்துக்குத் தாம் கட்டுப்பட முடியாது என்று கையை விரித்துவிட்டார். பாதி உலகத்தைச் சுற்றி வந்த இளைஞருக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று கோட்டைச் சுவரில் சாய்ந்தபடி யோசித்துப் பார்த்தேன். பொறையாரில் இறக்கிவிடப்பட்ட கோபம் ஓரளவு தணிந்தது.

காரியத்தைக் காப்பாற்றியது ஒரு தோல்விதான். கெட்டேவின் கப்பல்களுக்கு முன்னதாகவே ரோலண்ட் கிராப்பே என்பவரின் பொறுப்பில் ஒரு கப்பலை அனுப்பியிருந்தார்கள். காரைக்காலுக்கு அருகே போர்த்துக்கீசியர் அதைத் தாக்கி மூழ்கடித்து, மாலுமிகள் இருவரின் தலைகளை வெட்டிக் கடற்கரையில் கழிகளில் செருகி வைத்தார்கள். உயிர் தப்பிக் கரையேறிய சிலருடன் பிடிபட்ட கிராப்பே, தஞ்சைக்கு இரகுநாத நாயக்கரின் முன்னிலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கைதியாகப் போனவர் அங்கே வணிகப் பேச்சில் இறங்கினார். 1620 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கல்லால் ஒரு வீடு கட்டிக்கொள்ளவும் வரி வசூலிக்கவும் உரிமையோடு இந்த மீனவக் கிராமம் டேனிஷ்காரர்களுக்குக் கிடைத்தது. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன் ஏட்டில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதை நேரில் பார்க்க ஆகும் விமானக் கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து, அந்த ஆசையை அங்கேயே விட்டுவிட்டேன்.

அந்தக் கல் வீடுதான் இன்றைய டேனிஷ் கோட்டை. ஆட்டோவுக்குக் கொடுத்ததை நினைத்தால் இங்கே நுழைவுக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. மேல்தளத்து அறைகளின் வளைந்த கூரைகளுக்கு அடியில் நின்றால், கடற்காற்று ஒரு சன்னல் வழியாக நுழைந்து மறு சன்னல் வழியாகப் போகிறது. விசிறி இல்லாத குறையே தெரியவில்லை. கீழ்த்தளத்தில், ஒரு காலத்தில் கிடங்காகவும் சிறையாகவும் இருந்த அறைகளில், சுவரின் பூச்சு உப்புக் காற்றில் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. விரல் வைத்ததும் ஒரு சில்லு உதிர்ந்தது. அப்படி உதிர்ந்த இடங்களிலும் பெயர்களைக் கீறி இதய வடிவம் வரைந்து வைத்திருக்கும் காதலர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. சொன்னால் இந்தக் கட்டுரையை வீட்டில் படிக்க முடியாது.

கோட்டைக்குள் நடந்ததெல்லாம் நாகரிகமான வணிகம் என்று எண்ணிவிட வேண்டாம். கிராப்பேவுக்குப் பின் இங்கே தலைவராக வந்த பெர்ன்ட் பெசார்ட் கம்பெனியைக் கடனில் மூழ்கடித்தார். 1642இல் இந்தச் சிறு குடியிருப்பு முகலாயப் பேரரசின் மீதே போர் அறிவித்தது. ஷாஜகான் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. போர் என்று சொன்னாலும் நடந்தது வங்கக் கடலில் சரக்குக் கப்பல்களைக் கொள்ளையடிப்பதுதான். பிடித்த சரக்கை இங்கேயே கொண்டுவந்து விற்றார்கள். பெசார்ட்டுக்குப் பதிலாக அனுப்பப்பட்ட வில்லெம் லேயல், தமக்கு உரிய கோட்டைக்குள் நுழையவே போராட வேண்டியிருந்தது. 1648இல் அவருடைய ஆட்களே கலகம் செய்து அவரை வெளியேற்றினார்கள். அதே ஆண்டில் மன்னர் நான்காம் கிறிஸ்தியானும் இறந்தார். 1650இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். கப்பல் வருவது 1640க்குப் பிறகு ஏறக்குறைய நின்றே போயிருந்தது. ஐரோப்பாவில் போர்களில் தோற்றுக்கொண்டிருந்த டென்மார்க்குக்குச் சோழமண்டலக் கரையில் தனக்கு ஒரு கோட்டை இருப்பதை நினைக்க நேரமில்லை.

இங்கிருந்தவர்கள் காய்ச்சலிலும் வறுமையிலும் ஒவ்வொருவராக மறைந்தார்கள். 1655இல் அவர்களுடைய தலைவர் பவுல் ஹான்சன் கோர்சோர் இறந்தபோது, தரங்கம்பாடியில் எஞ்சியிருந்த டேனிஷ்காரர் ஒரே ஒருவர்: கோங்ஸ்பக்கே. பிரபு வம்சம் இல்லை, படிப்பு இல்லை, நியமன உத்தரவு இல்லை, சம்பளம் அனுப்ப ஆள் இல்லை. அவர் செய்திருக்கக்கூடிய இயல்பான காரியம், கோட்டைக் கதவைச் சாத்திவிட்டு அடுத்த டச்சுக் கப்பலில் ஏறிப் போவதுதான். அவர் போகவில்லை. ஆள் துணைக்கு உள்ளூர் மக்களை வைத்துக்கொண்டு, டேனிஷ் கொடியை இறக்காமல், பதினான்கு ஆண்டுகள் அந்தக் கோட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கப்பம் கட்டவில்லை என்று தஞ்சை நாயக்கரின் படை மீண்டும் மீண்டும் வந்து முற்றுகையிட்டது. பணத்துக்கு அவர் கண்ட வழி பழைய வழிதான்: வங்கக் கடலில் போகும் கப்பல்களைப் பிடித்து விற்றார். யோக்கியமான தொழில் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடாமல், கோட்டையைப் பழுதுபார்த்து, ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். பிறகு நாயக்கரோடு பேசிச் சமாதானமும் செய்துகொண்டார். இத்தனையையும் தம்மை மறந்துபோன ஒரு தேசத்தின் பெயரால் செய்தார் என்பதுதான் எனக்கு வியப்பு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவருடைய பெயரில் ஒலிக்கும் கோங்ஸ்பக்கா ஊர் இன்றைய ஸ்வீடனின் ஹால்லாண்ட் மாகாணத்தில் இருக்கிறது. அந்த மாகாணத்தை 1645இல் ஸ்வீடனிடம் தற்காலிகமாகவும் 1658இல் நிரந்தரமாகவும் டென்மார்க் இழந்தது. அந்த ஊரிலேயே இறங்கிவிட்ட கொடியை அவர் காவிரிப் படுகையின் கடைக்கோடியில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்.

வேற்று நாட்டுக் கப்பல்கள் வழியாக அவர் விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் கோபன்ஹேகன் அசைந்தது. 1669 மே மாதம் ‘ஃபாரோ’ என்ற போர்க்கப்பல் சிவெர்ட் ஆடலரின் தலைமையில் தரங்கம்பாடிக்கு முன் வந்து நின்றது. 29 ஆண்டுத் தனிமை முடிந்தது. கப்பலில் ஆட்களோடு ஓர் உத்தரவும் வந்திருந்தது: கோங்ஸ்பக்கேயை இந்தக் குடியிருப்பின் தலைவராக நியமிக்கிறோம் என்று. பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு வேலைக்கான ஆணை! நம் ஊர் அலுவலகங்களே தேவலாம்.

அந்த மனிதர் மட்டும் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தால், 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு வந்து இறங்க இங்கே டேனிஷ் துறைமுகமே இருந்திருக்காது. அவரையும் வரவேற்க யாரும் துடிக்கவில்லை. ஆளுநர் ஹாசியஸ் 1708இல் அவரைப் பிடித்து நான்கு மாதம் இதே கோட்டையில் அடைத்துவைத்தார். மணலில் எழுதிப் பழகும் சிறுவர்களோடு உட்கார்ந்து தமிழ் கற்றவர், கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி அனுப்பிய நூலைப் பார்த்து ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் இருந்த மிஷன் மேலிடம் முகம் சுளித்தது. அது அச்சேற 1867 வரை ஆயிற்று.

அவருக்கு வந்த அச்சு இயந்திரத்தின் பயணம் என் பேருந்துப் பயணத்தைவிட மோசம். லண்டனிலிருந்து அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். பிறகு விடுபட்டு வந்தபோது, கூடவே வந்த அச்சாளர் வழியில் காய்ச்சலில் இறந்தார். இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. அதை இயக்கத் தெரிந்த ஒரு ஜெர்மானியர் கோட்டைச் சிப்பாய்களுக்குள்ளேயே கிடைத்தார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ராஜ வீதியில், நான்காம் ஃபிரெடரிக் மன்னரின் முத்திரை முகப்பில் தெரியும் புதிய எருசலேம் ஆலயம் 1718இல் கட்டி முடிந்தது. மறு ஆண்டே, 36 வயதில் இறந்து, அவர் அதற்குள்ளேயே அடக்கமானார்.

அச்சுக்குக் காகிதம் வேண்டி அவர்கள் ஆலை வைத்த ஊர் பொறையார். அங்கே இப்போது எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான ஆலை, கடைத்தெருவின் பின்பக்கம் பலகை பெஞ்சு போட்ட ஒரு மெஸ். கொடுவா மீன் குழம்பு, மாங்காய்த் துண்டுகள் வெந்து கரைந்தும் கரையாமலும், மேலே நல்லெண்ணெய் மிதக்க, வாழை இலையில் சோற்றுக் குழிக்குள் இறங்கியது. கூடவே வறுத்த நெத்திலி. ரசத்துக்கு இடம் வைக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. எல்லாம் சேர்த்து 160 ரூபாய். ஆட்டோவுக்குக் கொடுத்ததைவிடப் பத்து ரூபாய்தான் அதிகம். பரிமாறிய அம்மா, “இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா தம்பி?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ஊற்றினார்.

1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது. நீங்கள் போவதாக இருந்தால் மயிலாடுதுறையில் தங்குங்கள். கடற்கரை அறைகளின் வாடகை நம் பைக்கு ஒத்துவராது. பேருந்தில் ஏறும்போதே அது தரங்கம்பாடி வரை போகுமா என்று ஓட்டுநரிடம் கேளுங்கள், நடத்துநரிடம் வேண்டாம். மெஸ்ஸுக்கு ஒரு மணிக்குள் போய்விடுங்கள்; இரண்டு மணிக்குக் கொடுவா தீர்ந்து, சாம்பார்தான் கிடைக்கும்.