பூவில் போடும் ஒயினும் நம் இலுப்பைப் பூவும்

புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றைப் போல எங்கள் உறவினர்களிலும் ஒரு பகுதியினர் பிரான்சில்தான் இருக்கிறார்கள். பாரிஸ் புறநகரில் வசிக்கும் என் அக்கா, மே மாதக் கடைசியில் வேலியோரங்களில் பூத்துக் குலுங்கும் ‘சுரோ’ என்ற சிறுமரத்தின் பூக்களைப் பறித்து வந்து வீட்டிலேயே ஒயின் போடுவார். அவரிடம் கற்றதையும், ஊர் திரும்பிய பின் நம் பூக்களைப் பற்றி எண்ணியதையும் எழுதி வைக்க விரும்புகிறேன்.

இதில் பூ தருவது மணத்தை மட்டுமே. இனிப்பும் புளிப்பும் ஈஸ்டுக்கு வேண்டிய ஊட்டமும் திராட்சையில் இயல்பாகவே இருக்கின்றன. பூவிலோ இவை போதுமான அளவு கிடையாது. ஆகவே சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, ஒரு கைப்பிடி உலர்திராட்சை, துவர்ப்புக்காக ஒரு குவளை கடுந்தேநீர் ஆகியவற்றை நாம்தான் சேர்க்க வேண்டும். ஒரு லிட்டரில் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ 1 விழுக்காடு ஆல்கஹால் கிடைக்கும். 5 லிட்டர் கலவைக்கு 1 கிலோ சர்க்கரை என்ற அக்காவின் அளவு 12 விழுக்காட்டை நெருங்குவது இந்தக் கணக்கில்தான்.

மணம் ஒன்றே பூவின் பங்கு என்பதால் அதைக் காப்பதில்தான் கைப்பக்குவம் முழுவதும் இருக்கிறது. பனி உலர்ந்து வெயில் ஏறிய பிறகே பறிக்க வேண்டும். மகரந்தத்தோடு மணமும் போய்விடும் என்பதால் பூக்களைக் கழுவக் கூடாது. மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, தட்டையாக விரிந்த கொத்தைக் கவிழ்த்துப் பிடித்து, முள்கரண்டியால் மெல்ல வருடுவார் அக்கா. மிளகளவேயான பூக்கள் பொலபொலவென உதிரும், விரல் நுனியெல்லாம் மஞ்சள் பொடி ஒட்டிக்கொள்ளும். பச்சைக் காம்பு கசப்பதோடு நச்சுத்தன்மையும் கொண்டது என்பதால், துணியில் ஒரு துணுக்குக் காம்பு கிடந்தாலும் பொறுக்கி எறிந்துவிடுவார். சிலர் கொதிநீரையே பூவின் மேல் ஊற்றுகிறார்கள்; ஆறிய சர்க்கரைப் பாகில் ஊற வைப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

பிறகு வடிகட்டி, ஈஸ்ட் சேர்த்து, கரியமில வாயு வெளியேறவும் வெளிக்காற்று உள்ளே புகாதிருக்கவும் ஏற்ற நீரடைப்பைக் கண்ணாடிக் குடத்தின் வாயில் பொருத்துவார்கள். காற்று புகுந்தால் எல்லாம் காடியாகிவிடும். வண்டல் படிந்ததும் தெளிவை மட்டும் குழாய் வழியே வேறு குடத்துக்கு மாற்றி, ஆறு மாதமாவது பொறுத்திருக்க வேண்டும்.

இங்கே இதை நான் செய்வதில்லை. உரிமம் இல்லாமல் மது தயாரிக்கப் புதுச்சேரியின் கலால் சட்டம் இடம் தருவதில்லை. எல்லைக்கு அப்பால் கடலூரிலோ தமிழ்நாட்டின் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது. தவிர, 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில் நிதானமாக நொதிக்க வேண்டிய கலவை, நம் சித்திரை வெயிலில் தறிகெட்டுப் பொங்கி, மென்மணத்தை இழந்து காரநெடி ஏறிவிடும்.

ஆனால் சர்க்கரையைத் தானே சுமந்து வரும் பூ ஒன்று நம்மிடம் உண்டு. ‘ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்பது வெறும் பேச்சில்லை. உலர்ந்த இலுப்பைப் பூவின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். மத்திய இந்தியப் பழங்குடியினர் மஹுவா மது வடிப்பதும் இவ்வினத்துப் பூவிலிருந்தே. பங்குனியில் இரவெல்லாம் உதிர்ந்து கிடக்கும் அந்தச் சதைப்பற்றுள்ள வெளிர்மஞ்சள் பூவை விரல்களுக்கிடையே அழுத்தினால் பிசுபிசுவென்று சாறு கசியும். விடியலில் பொறுக்கி, உள்ளிருக்கும் மகரந்த இழைகளை நீக்கி, அலசி, நீரில் வேகவைத்துப் பிழிந்த சாற்றை அடுப்பில் சுண்டக் காய்ச்சினால் கரும்பழுப்புப் பாகு கிடைக்கிறது. அக்காவின் ஒயினில் பூவை நெருப்பருகே கொண்டு போகவே அஞ்சும் நான், இதைத் தயங்காமல் கொதிக்க விடுகிறேன்.

எந்தப் பூவானாலும் ஐயமறத் தெரிந்ததை மட்டுமே பறியுங்கள். அரளியும் ஊமத்தையும் செங்காந்தளும் நம் வேலிகளிலேயே பூக்கின்றன. மூன்றும் கடும் நஞ்சு. பூச்சிமருந்து தெளிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால் கடைப்பூவையும் இதற்கு எடுக்காதீர்கள்.