எலியில மூலிகை ரிசர்ச்: எதிக்ஸ் ஃபோர்ம் தொடக்கம் வைவா வரைக்கும்

ஃபைனல் இயர் ரிசர்ச்சுக்கு எலி வச்சுச் செய்யப்போற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுறன். கொழும்பில கம்பஸில படிக்கேக்க நான் எடுத்தது கீழ்க்காய்நெல்லி. செங்கமாரி எண்டா எங்கட ஆக்கள் முதல்ல தேடுறது அதைத்தானே, அரைச்சு மோரில கலந்து வெறுவயித்தில குடுப்பினம். பனடோல் (பரசிட்டமோல்) அளவுக்கு மிஞ்சிப் போய் ஈரல் பழுதாகேக்க இந்தச் செடி காப்பாத்துமா எண்டு பார்க்கிறதுதான் என்ட தலைப்பு.

எல்லாரும் பயப்பிடுறது எதிக்ஸ் அப்ரூவலுக்கு, அதாவது மிருகத்தை வச்சு ஆய்வு செய்ய எடுக்கிற அனுமதிக்கு. எனக்கு ரிசர்ச் எண்டா என்னெண்டு படிப்பிச்சதே அந்த ஃபோர்ம்தான். 1959ல ரஸ்ஸல், பர்ச் எண்ட ரெண்டு பேர் எழுதி வச்ச மூண்டு கேள்விதான் அதுக்கு அடிப்படை: எலி இல்லாமச் செய்ய ஏலாதா, இன்னும் குறைவான எலியில செய்ய ஏலாதா, அதுகளுக்கு நோவைக் குறைக்க ஏலாதா. குரூப்புக்கு ஆறு எலி எண்டு போடுறதுதான் வழக்கம், ஆனா மொத்த எலியில இருந்து குரூப் எண்ணிக்கையைக் கழிச்சா 10க்கும் 20க்கும் இடையில வரவேணும் எண்டு ஒரு கணக்கு இருக்கு, அஞ்சு குரூப்புக்கு அஞ்சஞ்சு எலி போட்டா சரியா 20 வரும், அதால நான் 25 எலிதான் கேட்டனான்.

இனித்தான் முக்கியமான விஷயம். எங்கட மெடம் முதல் நாளே கேட்டவா, "எந்த நோயாளி கீழ்க்காய்நெல்லியைக் குடிச்சு முடிச்சிட்டுப் பிறகு பனடோலைக் கூடக் குடிக்கிறான்?" கனக்க ஆய்வுகளில ஒரு கிழமை மூலிகையைக் குடுத்துப்போட்டுத்தான் நஞ்சைக் குடுக்கினம். பனடோல் தானா ஈரலைக் கொல்லுறதில்ல. அதில ஒரு சின்னப் பங்கை ஈரல்ல இருக்கிற சைப் 2ஈ1 எண்ட நொதியம் என்ஏபிக்யூஐ எண்ட நஞ்சா மாத்துது, வழமையில ஈரல்ல இருக்கிற குளூட்டாதயோன் எண்ட பொருள் அதைப் பிடிச்சு அடக்கிப்போடும், அளவு மிஞ்சினா குளூட்டாதயோன் முடிஞ்சு போய் அந்த நஞ்சு கலத்தின்ட புரதங்களில ஒட்டிக்கொண்டு கலமே செத்துப்போகுது. இப்ப நீங்க முதலே குடுத்த மூலிகை அந்த நொதியத்தைத் தடுத்தாலே நஞ்சு உருவாகாது, ஈரல் பழுதானா ரத்தத்தில ஏறுற ஏஎல்டி எண்ட நொதியம் அழகா இறங்கி நிக்கும், நீங்களும் ஈரலைக் காப்பாத்திட்டம் எண்டு எழுதுவீங்க. ஏற்கனவே நஞ்சு உருவான ஆளுக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்ல. மூலிகையைக் கரைக்கிற டிஎம்எஸ்ஓ கூட அந்த நொதியத்தைத் தடுக்கும், அதுக்காகவே மெடம் தண்ணியில காய்ச்சின கசாயத்தைத் தவிர வேற ஒண்டுக்கும் விடேல்ல. கடைசியில என்ட அஞ்சு குரூப் இதுதான்: ஒண்டும் குடுக்காதது, பனடோல் மட்டும், பனடோலுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில குடுக்கிற முறிப்பு மருந்தான என்-அசிட்டைல்சிஸ்டீன், மூலிகை முதலே, மூலிகை பிறகு.

செடிக்கு கொட்டாஞ்சேனையில நிண்ட என்ட ஃப்ரெண்ட் புறக்கோட்டை கேபோஸ் லேனுக்குக் கூட்டிக்கொண்டு போனவள், அங்க காய்ஞ்ச கட்டு வாங்கலாம்தான், ஆனா கீழ்க்காய்நெல்லி வகைச் செடிகளான ஃபிலாந்தஸ் அமாரஸ், டெபிலிஸ், யூரினாரியா எல்லாம் காய்ஞ்சாப் பிறகு ஒரே மாதிரித்தான் இருக்கும். அதால பூவும் காயுமாப் பச்சையாப் பிடுங்கி, 138 பஸ்ஸில ஏறி நாவின்னையில இருக்கிற பண்டாரநாயக்க ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையத்தில குடுத்து இனத்தை உறுதிப்படுத்தினன். அந்தக் கடிதம் இல்லாட்டி மிச்சம் எல்லாம் வீண்.

எலி பொரளை எம்ஆர்ஐயில (மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில) எடுத்த விஸ்டார் எண்ட ஆய்வுகூட வகை எலி. சுண்டெலியை விட எலி பனடோலை நல்லாத் தாங்கும், கிலோவுக்குக் கிராம் கணக்கில குடுத்தாத்தான் ஈரல் பழுதாகும், இரவு முழுக்கப் பட்டினி போட்டா குளூட்டாதயோன் குறைஞ்சு நஞ்சு இன்னும் ஏறும். இது தெரியாம வேற ஆய்வில இருந்து டோஸைக் கொப்பி அடிக்காதீங்க.

வாயால மருந்து குடுக்கிறதைப் பழகாமச் செய்யவே கூடாது. முனையில உருண்டை இருக்கிற வளைஞ்ச ஊசி, வாயில இருந்து கடைசி விலா எலும்பு வரைக்கும் வெளியில வச்சு அளந்து மார்க் பண்ணிக்கொள்ள வேணும். தோள்ப்பட்டைக்குப் பின்னால தோலைச் சேர்த்துப் பிடிச்சுத் தலையை நேரா வச்சா ஊசி தானா வழுக்கிக்கொண்டு போகும், கொஞ்சம் தடுத்தாலும் நிப்பாட்டி வெளியில எடுங்க, சுவாசக்குழாயில போனா அந்த எலி செத்துப்போகும். முதல் கிழமை முழுக்க நான் மருந்தே இல்லாம ஒவ்வொண்டாத் தூக்கிக் கையில வச்சுப் பழக்கினன். பிறகு கையை நீட்டினாலே தானா வந்து மணந்து பார்க்குங்கள். அதுகளைக் கடைசி நாள் மயக்கி எடுக்கேக்க மனம் கனத்தது, இப்பவும் கனக்குது.

ரத்தத்தை ஊசியால வேகமா இழுக்காதீங்க. சீரம் வைக்கோல் நிறத்தில தெளிவா இருக்கவேணும், ரோஸ் நிறம் தெரிஞ்சா சிவப்பணு உடைஞ்சு போச்சு, ஈரலுக்குப் பார்க்கிற மற்ற நொதியமான ஏஎஸ்டி சிவப்பணுவுக்குள்ளயே இருக்கிறதால ஈரல் பழுதாகாட்டிலும் நம்பர் கூடிக் காட்டும். ஈரல் துண்டு 10 வீத ஃபோர்மலினில. ஸ்லைடில எந்தக் குரூப் எண்டு எழுதாம கோட் நம்பர் மட்டும் போட்டு பத்தொலொஜி சேரிட்டக் குடுத்தன், அவர் ஸ்கோர் போட்டு முடிஞ்ச பிறகுதான் லிஸ்டைத் திறந்தது.

ரிசல்ட், முதலே குடுத்த குரூப்பில மத்திய நாளத்தைச் சுத்தி இருக்கிற கலங்கள் ஓரளவு தப்பியிருந்தது, பிறகு குடுத்ததில பனடோல் மட்டும் குடுத்த குரூப்போட பெரிய வித்தியாசம் இல்ல. ரெண்டையும் அப்பிடியே எழுதினன். இருபத்தஞ்சு எலி எங்களுக்குச் சொன்ன பதிலை அரைவாசி மறைக்க எனக்கு ஒரு உரிமையும் இல்ல.

வைவாவில, அதாவது வாய்மொழிப் பரீட்சையில, கேட்டது இது: "எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் எண்டா மனுசனுக்கு எவ்வளவு?" நேரா எடுக்க ஏலாது, எலிக்கும் மனுசனுக்கும் உடம்பின்ட மேற்பரப்பளவு வித்தியாசப்படுறதால 6.2ஆல வகுக்க வேணும், கிட்டத்தட்ட 32 வரும், 60 கிலோ ஆளுக்கு ரெண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அது காய்ஞ்ச சாறின்ட நிறை, பச்சைச் செடிக்குக் கணக்கு வேற. எவ்வளவு செடியில இருந்து எவ்வளவு சாறு கிடைச்சது எண்டு லாப் புக்கில எழுதி வச்சிருந்ததால அதையும் அங்கயே கணக்குப் போட்டுக் காட்டினன்.