இட்டேரியில் நட்சத்திர ஆமை தேடுவது எப்படி?

நட்சத்திர ஆமை பார்க்க ஏற்ற வேளை, நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை. தாராபுரம், காங்கயம் பக்கமெல்லாம் மழை மறைவுப் பகுதி. ஆனி, ஆடியில் காற்றுதான் வீசும்; மண் நனைய ஐப்பசி, கார்த்திகை வரவேண்டும். இடையில் சித்திரையில் ஒன்றிரண்டு கோடை மழை கிடைக்கலாம். வறட்சியில் புதருக்கடியில் முடங்கிக் கிடக்கும் ஆமை, அந்த ஈரத்துக்கும் புதுத் துளிருக்கும்தான் வெளியே வருகிறது. மேகமூட்டமான நாளில் பகலெல்லாம் மேயும். வெயில் நாளில் விடிந்து இரண்டு மணி நேரமும் பொழுது சாயும் நேரமும் மட்டுமே நடமாட்டம். பதினோரு மணிக்குக் கிளம்பிப் போய் ஒன்றும் காணோம் என்றால் தவறு நேரத்தில்தான்.

இடம் என்றால் புதரும் புல்லும் கலந்த வறண்ட நிலம். சத்தியமங்கலம், மாயாற்றுப் பள்ளத்தாக்கு, அமராவதி மேல்பகுதி ஆகியவை இதற்குப் பேர்போனவை. ஆனால் அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. ஊருக்குள் இருக்கும் நமக்கு இட்டேரியும் (இருபுறமும் உயிர்வேலி உள்ள மண் பாதை) கொரங்காடும்தான் வழி. கொரங்காடு தனியார் மேய்ச்சல் நிலம் என்பதால் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் சுற்றிலும் கிளுவை வேலியும் உள்ள காடு ஆமைக்குத் தோதானது. நடுக்காட்டைவிட வேலியோரத்தைப் பார்ப்பதே பலன் தரும். நிழல், மறைவு, உதிர்ந்த பழம், சப்பாத்திக்கள்ளி எல்லாம் அங்கேதான் சேர்ந்திருக்கும்.

கண்ணைத் தூரத்தில் ஓட விடாதீர்கள். காலடியிலிருந்து ஐந்தாறு அடிக்குள், வேலியின் அடிப்பாகத்தை மட்டும் பாருங்கள். படத்தில் பளிச்சென்று தெரியும் மஞ்சள் கோடுகள், புல்லின் நிழலில் ஓட்டின் உருவத்தையே கலைத்துவிடும்; புழுதி படிந்த ஆமை காய்ந்த எருவரட்டி போலத்தான் கிடக்கும். இருவராகப் போனால் ஆளுக்கொரு பக்க வேலியை எடுத்துக்கொள்ளலாம். பத்தடிக்கு ஒருமுறை நின்று காது கொடுங்கள். ஓணான் ஓடினால் சருகு சட்டென்று சலசலத்து நிற்கும். ஆமை நகர்ந்தால் மெதுவாக, விட்டுவிட்டு, ஒரே திசையில் உரசும் சத்தம் வரும். தரையை ஒட்டியிருக்கும் கள்ளி மடலின் ஓரம் ஆப்பு வடிவில் கடிபட்டிருந்தாலும், புழுதியில் சிறு சிறு பதிவுகள் இரண்டு வரிசையாகப் போனாலும் அங்கே நின்று பொறுமையாகப் பாருங்கள். வேலிக்குள் கையையோ குச்சியையோ விடவே வேண்டாம். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இருக்கிற இடம் அது. கணுக்காலை மூடும் செருப்போ பூட்ஸோ கட்டாயம்.

மழை நாளில் எதிரே வரும் ஆமையெல்லாம் நட்சத்திர ஆமை ஆகிவிடாது. குளம் குட்டை ஆமைகளும் அப்போது தரையில் நடக்கும். மேடு மேடாக எழும்பிய ஓடும், விரலிடைச் சவ்வு இல்லாத தடித்த கால்களும் இருந்தால் அது தரை ஆமை. குளம் குட்டையில் வாழும் பாலாமைக்கு வழவழப்பான தட்டை ஓடு, கூரிய மூக்கு, விரல்களுக்கிடையே சவ்வு. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், ஊரில் எந்த ஆமையைக் கண்டாலும் எடுத்துக் கிணற்றில் போடும் வழக்கம் இருக்கிறது. நட்சத்திர ஆமைக்கு நீந்தத் தெரியாது. கிணற்றில் போட்டால் மூழ்கிச் செத்துவிடும்.

கண்டுபிடித்ததும் தூக்காதீர்கள். பயந்த ஆமை மூத்திரப்பையில் சேர்த்து வைத்த நீரைப் பீய்ச்சிவிடும். வறட்சிக் காலத்தில் அதற்கு அந்த நீர்தான் கையிருப்பு. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி அசையாமல் உட்கார்ந்தால், சற்று நேரத்தில் தலை நீட்டித் தானே மேயத் தொடங்கும். ஓட்டிலுள்ள வளையங்களை எண்ணி வயது சொல்வது சரியாக வராது. அவை வளர்ந்த பருவங்களைக் காட்டுமே தவிர ஆண்டுகளை அல்ல. பெண் ஆமை பின்பக்கத்தைத் தாழ்த்தி, மண்ணை மூத்திரத்தால் நனைத்து, பின்னங்கால்களால் மாறி மாறி மண்ணை வாரிக்கொண்டிருந்தால் முட்டையிடப் போகிறது. அங்கே ஒரு நொடியும் நிற்காமல் விலகிவிடுங்கள்.

தொடக்கூடிய ஒரே சந்தர்ப்பம் தார்ச்சாலை. ஓட்டின் இருபுறமும் இரண்டு கைகளால் பிடித்து, கவிழ்க்காமல், தரையிலிருந்து அதிகம் உயர்த்தாமல், அது போன திசையிலேயே சாலையைத் தாண்டி விடுங்கள். வந்த பக்கமே விட்டால் திரும்பவும் சாலையில்தான் ஏறும். அடிபட்டிருந்தால் காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போவது குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது இருக்கிறது. 2019இல் பன்னாட்டு வணிகமும் தடைசெய்யப்பட்டது. அப்படியும் செல்லப்பிராணி வியாபாரத்துக்காகக் கடத்துவது நிற்கவில்லை. ஆகவே கைப்பேசிக் கேமராவில் இடக்குறிப்பை அணைத்துவிட்டே படம் எடுங்கள். பகிரும்போது ஊர்ப் பெயர் வேண்டாம், மாவட்டம் போதும்.

இட்டேரிகள் தார்ச்சாலை ஆவதும், கிளுவையைப் பிடுங்கிக் கம்பி வலை போடுவதும் எனக்குப் பெரிய கவலை. கிளுவைக்கடியில் புகுந்து போகும் ஆமை, கம்பி வலையை முட்டிக்கொண்டே வெயிலில் நடந்து காய்ந்துபோகும். வலை போட்டே தீரவேண்டும் என்கிறவர்கள், தரையை ஒட்டி அங்கங்கே ஒரு சாண் அகலத்துக்கு வழி விடுங்கள். வரப்புப் புல்லுக்குத் தீ வைக்கும் முன் ஒருமுறை நடந்து பாருங்கள். புல்லுக்குள் மூன்று நான்கு சென்டிமீட்டர் குஞ்சுகளும் இருக்கலாம்.