குடியை நிறுத்தும் முதல் ஐந்து நாள்

வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் நாள் பெரும்பாலும் சமாளித்துவிடுவார். பயப்பட வேண்டியது அடுத்த மூன்று நாளுக்கு. கூட இருந்து பார்த்துக்கொள்கிற எங்களுக்கு இதுதான் முதல் பாடம்.

கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாலும் தண்ணீர் சிந்தும். வியர்க்கும், குமட்டும், தூக்கம் வராது. வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதன்பின் நாலாம் நாள்வரை பிதற்றல் வரலாம்: இருக்கிற இடம் தெரியாது, இல்லாத பூச்சியை உடம்பிலிருந்து தட்டிவிடுவார். காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவது இந்த நேரத்தில்தான். இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை, உடனே ஆஸ்பத்திரிதான். கார்த்திகையில் மாலை போட்ட இரண்டாம் நாள் வலிப்பில் விழுவதும், கால் முறிந்து வார்டில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் ட்ரிப்ஸைப் பிடுங்குவதும் பல நேரம் இதனால்தான்.

அதனால் அட்மிஷனில் "எப்பவாவது குடிப்பார்" என்று மழுப்பாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், கடைசியாக எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பதைச் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். வழக்கமாகக் குளோர்டயசெபாக்சைடு, ஈரல் கெட்டிருந்தால் லோராசெபம். நாளுக்கு நாள் குறைத்து ஒரு வாரம், பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். மிச்ச மாத்திரையைத் தூக்கத்துக்கென்று தொடர்ந்தால் அதுவும் விடாது.

தெம்புக்கு என்று வெறும் குளுக்கோஸ் ஏற்றவே கூடாது. சோறு தண்ணி இல்லாமல் குடித்தவர் உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றியிருக்கும். குளுக்கோஸ் இருக்கிற கொஞ்சத்தையும் தீர்த்துவிடும். கண் அசைவு, நடை, ஞாபகம் மூன்றும் பாதிக்கும். ஞாபகம் திரும்பாமலே போகலாம். முதலில் தயமின் ஊசி, பிறகு குளுக்கோஸ். வாய்விட்டுக் கேளுங்கள்.

குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிரம் மாத்திரையைக் குழம்பில் தெரியாமல் கலக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேகம் உடம்பில் இருக்கும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

வீட்டிலேயே வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் சாவி, வாயில் ஸ்பூன், தண்ணீர் எதுவும் வேண்டாம். 108ஐ அழையுங்கள். எங்கே சேர்ப்பது என்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவச எண்ணில், நிறுத்துவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம்.